முகப்பில் துள்ளும் எண்

மார்ச் 3, திங்கள்
விடுமுறை ரயில் டிக்கெட் விற்பனைக்கு நான் வடிவமைத்த தளம் இன்று தயார். உலகமே ஒரே நொடியில் விழுந்தடித்துக்கொண்டு வந்தாலும் "வாங்க, உட்காருங்க" என்று சொல்லும். மொத்தம் எத்தனை இருக்கை மீதி என்று முகப்பில் ஓர் எண்; ஒவ்வொரு விற்பனைக்கும் துள்ளிக் குறையும். என் யோசனை! சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பான்.

மார்ச் 5, புதன்
மேலாளர் அம்மா கூப்பிட்டார். போன விடுமுறையில் பழைய தளம் கூட்டம் தாங்காமல் படுத்ததை அவர் மறக்கவில்லை. "இந்தத் தடவையும் படுத்தா, சர்வர் வேலைய வெளியாள்கிட்ட குடுத்துருவேன்."
சர்வர் வேலை என்றால் என் மச்சான். அவனை இங்கே சேர்த்துவிட்டதே நான்தான். மனைவியிடம் மூச்சுவிடவில்லை. அவள் தம்பிக்கு வேலை போனால், நான் சர்வருக்குள்தான் குடியிருக்க வேண்டும்.

மார்ச் 10, திங்கள்
ஒத்திகை. பொய் வாடிக்கையாளர்களைப் படையாக ஏவிவிட்டோம். தளம் முக்கியது, முனகியது, படுத்தது.

மார்ச் 11
சர்வர்களை இரட்டிப்பாக்கினேன். முன்பைவிடச் சீக்கிரம் படுத்தது!
"மாமா, வாசல் நூறு வச்சிருக்கீங்க, கை கழுவ ஒரே குழாய்" என்றான் மச்சான். "எல்லா விற்பனையும் அந்த முகப்பு எண்ணத் தொட்டுட்டுத்தான் போகணும். ஒருத்தர் தொட்டு முடிக்கிற வரைக்கும் மத்தவங்க நிக்கிறாங்க. அதத் தூக்குங்க."
"தூக்குனா தளமே மொட்டையா நிக்கும்டா!"
"நின்னா போதும் மாமா. இப்போ படுத்துருதே."
வாய்க்கொழுப்பு. வேறு ஏதோ காரணம் இருக்கும்.

மார்ச் 13
இல்லை. பதிவுகளைத் துருவிவிட்டேன். அவன் சொன்னதுதான். அடச்சே — எனக்கெதுக்கு இத்தன வீம்பு? ஜம்பம் எனக்கு, வேலை போறது அவனுக்கா?

மார்ச் 14
எண்ணைத் தூக்கிவிட்டேன். இனி ஒவ்வொரு ரயில் பெட்டிக்கும் தனிக் கணக்கு. ஒரு பெட்டிக்காக இன்னொன்று காத்திருக்காது. ஒத்திகை தாங்கியது. நிஜக் கூட்டம் தாங்குமா?
"ரெண்டு பேரும் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றாள் மனைவி. நானும் மச்சானும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 17, திங்கள்
காலையில் விற்பனை திறந்தது. ஒரு கண்டமே பெயர்ந்து வந்து மோதியது. மேலாளர் அம்மாவின் மூச்சு என் பிடரியில் சுட்டது. காத்திருப்பு நேரம் ஏறியது — ஏறியது — நின்றது. பிறகு இறங்கியது. தளம் படுக்கவில்லை.
மதியம் அவர் மச்சானைத் தேடிக்கொண்டு சர்வர் அறைக்கு வந்தார். ராத்திரி முழுக்கக் கண்விழித்த பயல் நாற்காலியிலேயே வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். பதறிப்போய் எழுப்பப் போனேன்.
"விடுங்க, தூங்கட்டும்" என்றவர், கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.