மலையைப் பார்த்துப் போட்ட நாற்காலி

அன்பான மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கபர்ஸ்தானுக்குப் போகிறவர்கள் அங்கே அடங்கியிருப்பவர்களுக்கு முதலில் சலாம் சொல்ல வேண்டும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தீர்கள். நம் வீட்டில் பெண்கள் அங்கே போகும் வழக்கம் இல்லை. உங்கள் மகன் வெள்ளிக்கிழமை தவறாமல் போய் வருகிறார். நான் வீட்டிலிருந்தே சொல்கிறேன். வந்து சேருகிறதா?

வீட்டுச் செய்தி முதலில். நோன்பு முடிந்து பெருநாளும் வந்து போய்விட்டது. நீங்கள் இல்லாத முதல் பெருநாள். சேமியாவில் சர்க்கரை ஜாஸ்தியாகிவிட்டது. உங்கள் மகன் அப்படியே குடித்தார். அவர் செருப்புக் கடை வழக்கம்போல ஓடுகிறது. வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிற ஊரில் செருப்பு விற்கிறானே என்று சிரிப்பீர்களே, பௌர்ணமிக்கு மறுநாள் இன்னமும் அங்கே கால் வைக்க இடமில்லை. வாசலில் நீங்கள் வைத்த தண்ணீர்க் குடத்தை நானும் பௌர்ணமிதோறும் வைக்கிறேன். போன முறை ஒருவர் குடித்துவிட்டு, "இங்க ஒரு பாய் வீட்டு அம்மா உக்காந்திருப்பாங்களே, எங்க காணோம்?" என்றார். ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். பொய்தான். எனக்கு அது கைவந்த கலை, உங்களுக்குத் தெரியாதா என்ன?

அந்தப் பொய்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உங்கள் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் 'போதும்'. அரை டம்ளர் டீ ஊற்றினால் போதும். பெருநாளுக்குப் புடவை எடுக்கலாம் என்றால், போன வருஷத்துப் புடவையே போதும். முட்டி வலிக்கு டாக்டரிடம் போகலாமா என்று கேட்டால், "இருக்கிற மாத்திரையே போதும்மா, அல்ஹம்துலில்லாஹ்." கண்ணில் புரை விழுந்து ஆள் அடையாளமே தெரியாமல் போனபோதும், "குரல் கேக்குதே, போதும்" என்றீர்கள். இருப்பதே நிறைவு என்று நீங்கள் மனசார அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னீர்கள். நான் அதை எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? அப்பாடா, ஒரு வேலை கம்மி என்று.

டவுன் வீட்டை விட்டு அடி அண்ணாமலைக்கு வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். பெரிய ஹால், புது டைல்ஸ், கார் நிறுத்த இடம், ஜன்னலைத் திறந்தால் முழு மலை. உங்கள் மகன் உங்களிடம் வந்து கேட்டார். "எங்க போனாலும் அல்லாஹ்வோட பூமிதானேப்பா. எனக்கு ஒரு ஜன்னல் இருந்தா போதும்" என்றீர்கள். உடனே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கே பள்ளிவாசல் பாங்கு சத்தம் கேட்குமா என்று உங்களுக்காக யாருமே யோசிக்கவில்லை. கேட்காது மாமி. வந்த பிறகு நீங்களும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐப்பசி மழையில் குடி வந்தோம். உங்கள் அறையை நான்தான் ஒழுங்கு செய்தேன். கட்டில், பீரோ, அப்புறம் நீங்கள் உட்கார்ந்து தொழுகிற அந்த இரும்பு மடக்கு நாற்காலி. அதை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்று நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மலையைப் பார்த்துப் போட்டேன்.

நம் ஊரில் வேறு எப்படிப் போடுவார்கள்? டவுன் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. மேற்கே திரும்பினால் மலை. மலைக்கும் அப்பால் எங்கேயோ மக்கா. கல்யாணமாகிக் கீழ்பென்னாத்தூரிலிருந்து நான் வந்த முதல் நாள், தொழத் திரும்ப வேண்டிய கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, "மலைப் பக்கம் திரும்பிக்கோம்மா, அவ்ளோதான்" என்றீர்கள். இருபத்திரண்டு வருஷமாக எனக்குக் கிப்லா என்றால் மலை. அடி அண்ணாமலைக்கு வந்தபோது நாம் மலையைச் சுற்றிக்கொண்டு அதன் மறுபக்கம் வந்துவிட்டோம் என்பது என் மரமண்டைக்கு ஏறவே இல்லை. இங்கிருந்து மலை கிழக்கே இருக்கிறது. உங்களை மக்காவுக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்துவிட்டேன்.

இது தெரியாமல் செய்த தப்பு. இதற்கு மட்டும் என்றால் நான் கடிதம் எழுத மாட்டேன்.

எனக்கு எப்போது தெரிந்தது, சொல்கிறேன். கார்த்திகை தீபத்துக்கு மறுவாரம். அடுத்த நாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போகிறார்கள். அந்தப் பயத்தில் தொழலாம் என்று தோன்றியது. சிரிக்காதீர்கள். தொழுகை நேரம் பார்க்க போனை எடுத்தேன். அதிலேயே கிப்லா திசையைக் காட்டும் முள் இருந்தது. அது மலைக்கு நேர் எதிராக நின்றது. போன் கெட்டுவிட்டது என்று நினைத்து, ஹாலிலிருந்து மாடிக்கு எடுத்துப் போய்ப் பார்த்தேன். சூரியனும் முள் காட்டிய பக்கம்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

கீழே ஓடிவந்தேன். உங்கள் அறைக் கதவு திறந்திருந்தது. நாற்காலியில் மலையைப் பார்த்து உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தீர்கள். வாசலில் நின்ற என்னிடம், "என்னம்மா, பல்லு வலிக்குதா?" என்று கேட்டீர்கள்.

"இல்ல மாமி, சும்மாதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை? எனக்கு நானே ஒரு நல்ல காரணம் சொல்லிக்கொண்டேன். சொன்னால் நீங்கள் விட மாட்டீர்கள், இத்தனை நாள் தொழுகையையும் அந்த முட்டியை வைத்துக்கொண்டு திரும்பத் தொழுவீர்கள், பாவம், நோன்பு வரட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

நிஜக் காரணம் வேறு. சொன்னால் நீங்கள் கேட்கக்கூடிய முதல் கேள்வி எனக்குத் தெரியும். "அப்போ இவ்வளவு நாளா நீ எந்தப் பக்கம் தொழுதே?" இந்த வீட்டுக்கு வந்து நான் ஒரு வேளைகூடத் தொழுததில்லை மாமி. டவுனிலேயே பாதிக்குப் பாதிதான். "தொழுதுட்டியாம்மா?" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "ஆச்சு மாமி" என்று சமையல்கட்டிலிருந்தே குரல் கொடுப்பேன். காலையில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போனில் துஆ, பிரார்த்தனை எல்லாம் அனுப்புவேன். அனுப்பிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

தீபம் வந்த சமயத்தில் நீங்கள் அந்தக் கேள்வியை அடியோடு நிறுத்திவிட்டீர்கள். வயசாகிறது, மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நிம்மதியாகவும் இருந்தது.

ஆனால் புதுசாக வேறு ஒன்று ஆரம்பித்தீர்கள். தொழும்போது கதவைச் சாத்திக்கொண்டீர்கள். உள்ளே நாற்காலி கிறீச் கிறீச்சென்று இழுபடும். ஒருநாள் பெருக்க வந்தபோது, டைல்ஸ் முழுக்கக் கோடு கோடாக இருப்பதைப் பார்த்தேன். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"மாமி, புது டைல்ஸ்! ஒரு மாசத்துல நாசம் பண்ணிட்டீங்க. எதுக்கு அந்தச் சேரைப் போட்டு இழுத்துக்கிட்டே இருக்கீங்க? ஒரு எடத்துல கம்முனு உக்கார முடியாதா?"

"சரிம்மா, இனிமே இழுக்கல" என்றீர்கள். அதோடு சத்தம் நின்றது. அந்த நாற்காலியின் கால் ரப்பர் நாலும் எப்போதோ தேய்ந்து போயிருந்தது. செருப்புக் கடைக்காரர் வீட்டில் நாலு துண்டு ரப்பருக்குப் பஞ்சமா? வாயால் கத்தத் தெரிந்த எனக்கு அது தோன்றவில்லை.

நோன்புக்கு ஒரு மாசம் இருக்கும்போது, தை மாசத்தில், தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காமல். அதிலும் போதும் என்று இருந்துவிட்டீர்களா?

உங்களைக் குளிப்பாட்ட டவுனிலிருந்து வந்த அம்மா, "கிப்லா எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். நான் சட்டென்று மலைக்கு எதிர்ப் பக்கம் கையைக் காட்டினேன். உங்கள் மகன் அழுது வீங்கிய முகத்தோடு, மலைப் பக்கம் திரும்பியிருந்த நாற்காலியைப் பார்த்தார். "அம்மா இந்தப் பக்கம் பாத்துதானே உக்காந்திருப்பாங்க?" என்றார். பாவம், அவர் வெளிச்சத்தில் இந்த அறையைப் பார்த்ததே கம்மி. ஐந்து வேளையும் கடைக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில்தான் தொழுகிறார்.

"பெருக்கறதுக்காக நான்தான் திருப்பி வெச்சேன்" என்றேன். மையித்தாக உங்களை முன்னால் கிடத்தி வைத்துக்கொண்டு, கூசாமல். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

பிறகு மனசு கேட்காமல் பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "தெரியாம தொழுதவங்க மேல குத்தமில்லம்மா, அல்லாஹ் ஏத்துக்குவான்" என்றார்கள். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தவளைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

போன வாரம் உங்கள் அறையில் உட்கார்ந்து அந்தக் கோடுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் உங்களுக்குப் பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டுச் செல்வி, இப்போதும் பழக்கத்தில் நேராக அந்த அறைக்குத்தான் வருகிறாள். நான் தேய்ப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாக்கா, தேய்ச்சா போற கோடா இது? ஆயா சேரைத் திருப்பித் திருப்பிப் போட்ட கோடு."

"எதுக்குத் திருப்பினாங்க?"

"உனுக்குத் தெரியாதா? தீபத்துக்கு முன்னாடி, மழை விட்ட அன்னிக்கு பால் எடுத்துனு வந்தேன். ஆயா மூஞ்சி பூரா வெயில். 'செல்வி, இது சூரியன் வர்ற பக்கமா?'ன்னு கேட்டுச்சு. ஆமா ஆயான்னேன். சிரிச்சுச்சு. 'நாமதான் மலைய சுத்தி இந்தாண்ட வந்துட்டோமே, மறந்தே போய்ட்டேன் பாரு'ன்னுச்சு."

செல்வி பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.

"அதுலேர்ந்து காலையில நான்தான் திருப்பிக் குடுப்பேன். மத்த நேரம் அதுவே திருப்பிக்கும். நீ டைல்சுக்குத் திட்டின அப்புறம் தூக்கித் தூக்கி வெச்சுச்சு, அந்தக் காலை வெச்சுக்கினு. காலையில எம்மா நேரம் தொழும் தெரியுமா! கேட்டா, 'தப்பா தொழுததை எல்லாம் சேத்துத் தொழறேன்'னும். முடிஞ்சதும் மறுபடி மலைப் பக்கம் போட்டுட்டு உக்காந்துக்கும்."

"எதுக்கு மறுபடி?"

"அதான் நானும் கேட்டேன். 'மருமவ ஆசையா போட்டுக் குடுத்த சேரு தாயி. தப்புன்னு தெரிஞ்சா அவ மனசு சங்கடப்படும்'னுச்சு. இன்னொண்ணும் சொல்லுச்சு. 'அவ தொழுதிருந்தா அவளுக்கே தெரிஞ்சிருக்கும். நான் கேட்டா பொய் சொல்லுவா. நான் எதுக்கு அவளைப் பொய் சொல்ல வெக்கணும்?'னு. எனுக்கு அது புரியல. உனுக்குப் புரியுதாக்கா?"

புரிந்தது மாமி. செல்வி போன பிறகு அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். எனக்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எந்தக் கஷ்டம் உங்களுக்கு வேண்டாம் என்று நான் வாயை மூடிக்கொண்டதாகப் பெருமைப்பட்டேனோ, அந்தக் கஷ்டத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு முழுசாகப் பட்டிருக்கிறீர்கள். அதற்கு நடுவில் டைல்ஸுக்காக என்னிடம் திட்டும் வாங்கியிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கக் கூடாதா? நீங்கள் கோபப்பட்டிருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். உங்களுக்கு எல்லாமே போதுமாக இருந்தது, சரி. என்னைப் போல ஒரு மருமகளும் எப்படிப் போதும் என்று தோன்றியது?

கோடுகளை இனித் தேய்க்கப் போவதில்லை. அவை அப்படியே இருக்கட்டும். நாற்காலிக்கு நாலு காலுக்கும் ரப்பர் போட்டுவிட்டேன். இப்போது மேற்கே பார்த்து இருக்கிறது.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வீட்டில் இனி யார் போதும் என்று சொன்னாலும், உண்மையாகவே போதுமா என்று இன்னொரு தடவை கேட்பேன். இன்று இரவு இஷா தொழுகை முடிந்து உங்கள் மகன் வந்ததும் இந்தக் கடிதத்தை அவர் கையில்தான் முதலில் கொடுப்பேன். கத்துவாரோ, பேசாமல் இருப்பாரோ, தெரியவில்லை. எதுவானாலும் வாங்கிக்கொள்கிறேன். மறுமையில் உங்களைப் பார்க்கும்போது உங்கள் காலைப் பிடித்துக்கொள்ளவும் அல்லாஹ்விடம் ஒரு இடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. என்னைப் பொய் சொல்ல வைக்கக் கூடாது என்று நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

இன்னிக்கு அஸர் தொழுதுட்டேன் மாமி. உங்க சேருக்குப் பக்கத்துல நின்னு.

இப்படிக்கு,
உங்கள் நாற்காலியைத் தப்பாகப் போட்ட மருமகள்,
மும்தாஜ்