வலிக்காத பாதத்துக்கு நூறு மார்க்

டீச்சர்,

இன்று காலை பீரோவை ஒழுங்கு செய்யும்போது அந்தப் பாதப் படம் என் மடியில் வந்து விழுந்தது. நல்லெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை! ஓரமெல்லாம் உங்கள் சிவப்பு மை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

கருமத்தம்பட்டிப் பள்ளியிலிருந்து நாம் ஓய்வு பெற்ற கையோடு, பாத அழுத்தப் பயிற்சிக்கு உங்களை இழுத்துப் போனது நான்தான். உங்களுக்குப் பல வருடச் சர்க்கரை. "மாத்திரையோட இதையும் செஞ்சு பாக்கலாமுங்க" என்றேன். ஒவ்வோர் உறுப்புக்கும் உள்ளங்காலில் ஓர் இடம் உண்டு. எந்த இடம் வலிக்கிறதோ அந்த உறுப்பில் குறை என்று அங்கே சொல்லி, இந்தப் படத்தையும் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் உங்கள் பாதம் என் மடியில், அமுத்துகிற மரக்குச்சி என் கையில். கணக்கு டீச்சர் சும்மா இருப்பீர்களா? பத்து இடம், இடத்துக்குப் பத்து மார்க், வலித்தால் கழிவு என்று திட்டம் போட்டீர்கள். முதல் மாதம் எழுபது. வருடம் திரும்புவதற்குள் நூறு!

"ஏனுங்க டீச்சர், நல்லா அமுத்துங்க. மத்தியானம் சோறு உங்கலீங்களா?" என்றீர்கள் அன்று.

"குச்சியே ஒடியறாப்புல அமுத்தறேனுங்க!"

"அப்பக் கணையத்துக்கும் பத்துக்குப் பத்து. இனி மாத்திரை எதுக்குங்க?"

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நான் சொன்னதால் தப்பித்தோம்.

அந்த இளம் டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். உங்களைக் கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து, "தொடறப்பச் சொல்லுங்கம்மா" என்றார்.

நீங்கள் காத்திருந்தீர்கள். "ஏங் கண்ணு, எப்பத் தொடுவீங்க?"

"எட்டு இடம் தொட்டுட்டேங்கம்மா."

நீங்கள் குணமாகவில்லை, பாதத்தில் உணர்ச்சிதான் போயிருந்தது. சுண்டுவிரல் இடுக்கை அவர் விரித்தார். உள்ளே சீழ் பிடித்த புண். ஒரு வருடம் நான் படத்தைப் பார்த்தேன், பாதத்தைப் பார்க்கவில்லை.

"இன்னும் நாலு நாள் விட்டிருந்தா விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார். "புண் ஆறட்டும். அப்புறம் கையால மெதுவா நீவி விடுங்க, அவங்களுக்கு இதமா இருக்கும். குச்சி வேண்டாம். மாத்திரையை நிறுத்தக் கூடாது. தினமும் காலைப் பாருங்க."

பார்த்தோமே! கட்டைப் பிரித்த ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் குனிந்து குனிந்து பார்த்தோம். புண் முழுக்க மூடிய அன்று, பக்கத்துத் தறிச் சத்தத்தையும் மீறிக் கத்தினேன். "டீச்சர், ஆறிருச்சுங்க!"

"கத்தாதீங்க. பெயிலானவளைப் பாஸ் போட்டாப்புலக் குதிக்கறீங்க."

அதற்குப் பின் எத்தனை சாயங்காலம் நீவிவிட்டேன்! சர்க்கரை அதனால் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். நன்றாகத் தூங்கினீர்கள், அது போதும். போன தை மாதம் நெஞ்சுவலியில் போனபோதும் பத்து விரல்களோடுதான் போனீர்கள்.

இன்று வேறொன்றும் நடந்தது. கடைவீதியில் எதிர்வீட்டு அம்மணி, அவருக்கும் சர்க்கரைதான், "எம்புட்டு நடந்தாலும் எனக்குக் காலே வலிக்கறதில்லீங்க" என்று பெருமையாகச் சொன்னார். விடுவேனா? கடை பெஞ்சில் உட்கார வைத்துச் செருப்பைக் கழற்றச் சொன்னேன். விரல் இடுக்கெல்லாம் பார்த்தேன், சுத்தமாக இருந்தது.

"கண்ணை மூடிக்குங்க அம்மணி. தொடறப்பச் சொல்லுங்க."

சேலை நூல் ஒன்றைப் பிரித்து அவர் சுண்டுவிரலில் வைத்தேன்.

"இப்பத்தானுங்க!" என்றார் உடனே. "ஏனுங்க டீச்சர், கூசுதுங்க!"

நடுக்கடைவீதியில் கை தட்டினேன், டீச்சர்.