அந்த இரண்டெழுத்து இல்லாத அறிக்கை

மாப்ள,

இன்று காலை அந்த பஸ்ஸேதான் வந்தது. பின்வாசலுக்கு மேலே மஞ்சள் பெயின்ட்டில் 'படியில் நிற்காதீர்' என்று எழுதியிருந்ததை நீ காம்பஸ் முள்ளால் சுரண்டி, முதல் இரண்டெழுத்தை மட்டும் விட்டுவைத்தாயே, அது இன்னும் அழியாமல் இருக்கிறது.

"பாத்தியா மாப்ள, பள்ளிக்கூடம் போற வழியில பஸ்ஸும் படிங்குது. வாத்தியாருக்குத் தம்பி போல" என்றாய். கண்டக்டர் அண்ணன் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் விசில் ஊதி, ஆள் ஏறுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. பாதிப் பேர் பின்னால் ஓடிவந்தார்கள்.

போன புரட்டாசியில், நான் காய்ச்சலில் வீட்டில் கிடந்த நாளில், நாகமலை புதுக்கோட்டைத் திருப்பத்தில் பஸ் ஒடித்துத் திரும்பியது. கூட்டத்தோடு தொங்கிக்கொண்டு வந்த உனக்குக் கை நழுவிவிட்டது. எதில் நின்று தொங்கினாய் என்பதை நான் எழுதப்போவதில்லை.

ஆனால் அந்த இரண்டெழுத்து என்னை விடுவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா 'அரைப்படி அரிசி' என்றால் திரும்பிப் பார்க்கிறேன். தமிழ் ஐயா வகுப்பில் என்னை எழுப்பி 'படி' என்கிறார். என் முதுகுக்குப் பின்னால் நீ களுக்கென்று சிரிக்கிறாய். யாராவது 'எப்படி' என்று கேட்டால் அதற்குள்ளும் உட்கார்ந்திருக்கிறாய். வார்த்தையை உடைத்து விளையாடியவர்கள் நாம். இப்போது வார்த்தை என்னை உடைத்து விளையாடுகிறது.

லீவு முடியப்போகும் சமயத்தில் உன் தங்கச்சி செல்வி என்னைத் தேடி வந்தாள். ஒன்பதாவதோடு போதும் என்று உங்கப்பா நிறுத்திவிட்டாராம். அழுதுவிட்டு வந்த முகம். ஆனாலும் உன் தங்கச்சி அல்லவா, அதிகாரமாகத்தான் கேட்டாள்.

"அண்ணே, ஹெட்மாஸ்டரையே மடக்குனீங்கள்ல ரெண்டு பேரும்? எங்கப்பாக்கும் ஒண்ணு எழுதுங்க."

ஞாபகம் இருக்கிறதா? ஒரு விஷயத்தில் நம் பக்கத்தை எடுத்துச்சொல்லி எதிராளியைச் சம்மதிக்கவைக்கும் அறிக்கை, அதற்குப் பெயர் நிலைப்பாட்டு அறிக்கை என்று தமிழ் ஐயா பாடம் நடத்தினார். நீ எழுந்து, "நிலைப் பாட்டுன்னா, தேர் நிலைக்கு வந்ததும் பாடுற பாட்டாங்கய்யா?" என்றாய். பெஞ்சில் ஏற்றினார். ஏறி நின்றுகொண்டு, "நிலை நீங்க குடுத்தது, பாடு என்னுதுங்கய்யா" என்றாய். அதற்குமேல் அவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மத்தியானம் மைதானத்தைத் திறந்துவிடச் சொல்லி ஹெட்மாஸ்டருக்கு எழுதினோம். நான் காரணங்களாக அடுக்கினேன்: உடலுக்கு நல்லது, மூளைக்கு நல்லது, நாட்டுக்கு நல்லது. நீ தாளை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாய்.

"இதுல ஹெட்மாஸ்டர் எங்க?"

"அவரு எதுக்குடா இதுல?"

"மொதல்ல அவரு பேசட்டும் மாப்ள. 'ஆமா, இதத்தான நான் சொன்னேன்'னு தலையாட்டணும். பூம்பூம் மாடு மாதிரி, தலை ஆட ஆரம்பிச்சா நிக்காது. பெறகு ஒண்ணே ஒண்ணு கேளு. கேட்டா, பதிலுக்கு ஒண்ணு குடு."

பையன்கள் புழுதியோடு வந்து வகுப்பில் தூங்கி விழுவதை அவரைவிடக் கோபமாக நீயே எழுதினாய். மணி அடித்ததும் கை கால் கழுவி வரிசையில் நிற்போம் என்று முடித்தாய். மைதானம் திறந்தது.

உங்கப்பாவுக்கு நான் முதலில் எழுதியது, பட்டிமன்ற மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டவன் பேச்சு மாதிரி இருந்தது. பெண் கல்வி, நாட்டின் முன்னேற்றம் என்று ஒரே முழக்கம். முதுகுக்குப் பின்னால் உன் குரல்: "இதுல எங்கப்பா எங்க?"

கிழித்துப் போட்டுவிட்டு அவரிடமே போனேன். பம்புசெட் பக்கத்தில் மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, செல்வி பள்ளிக்கூடம் போகட்டுமே. ஏன் வேணாங்கிறீங்க?"

அவர் நிமிரவில்லை. "நான் என்ன அதுக்கு எதிரியாடா? அவனப் படி படின்னு சொன்னவனே நான்தானடா. படியிலயே போய்ட்டான்."

அவர் சிலேடை சொல்லவில்லை, மாப்ள. அது அவருக்குத் தெரியவே தெரியாது. நான் உன் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். அன்றைக்கு மட்டும் முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லை.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். அவர் கையில் கொடுக்கும் தாளில் அந்த இரண்டெழுத்து எங்கேயும் இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தைப் பற்றி அது இல்லாமல் எழுதிப் பார், தெரியும். 'படிப்பு' போய்க் 'கல்வி' வந்தது. 'எப்படி' போய் 'எவ்வாறு' வந்ததும் தாள் தாசில்தார் நோட்டீஸ் மாதிரி விறைத்துக்கொண்டது. கடைசியில் நாம் பேசுகிற மாதிரியே எப்புடி, அப்புடி என்று எழுதிவிட்டேன். தமிழ் ஐயா கண்ணில் பட்டால் எனக்கும் பெஞ்சுதான்.

முதலில் உங்கப்பா பேசினார்: 'காலையில் மகனை பஸ் ஏற்றி அனுப்பினேன். சாயங்காலம் பஸ் மட்டும் வந்தது. எனக்கு இருப்பது இவள் ஒருத்தி. இனி பஸ் வரக் கொஞ்சம் தாமதமானாலும் என் உயிர் ரோட்டில் நிற்கும். தினமும் என்னால் அப்புடி நிற்க முடியாது.'

கேட்டது ஒன்று: செல்வி பத்தாவது போகட்டும். கொடுத்தது ஒன்று: அவளை முன்வாசலில் ஏற்றி, உட்காரவைத்த பிறகுதான் நான் ஏறுவேன். உட்கார இடமில்லாத பஸ்ஸை விட்டுவிடுவோம். லேட்டானால் பெஞ்சில் நான் நின்றுகொள்கிறேன்.

முடித்துவிட்டுத் தாளின் அடிக்கு வந்தால், மாட்டிக்கொண்டேன். இப்படிக்கு! அதை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைத்திருக்கிறார்கள் பார். தமிழில் ஒரு காகிதம் முடிய வேண்டுமென்றால் நீ வந்துதான் ஆக வேண்டும் போல. அந்த இடத்தை வெறுமனே விட்டுவிட்டேன்.

உங்கப்பா எழுத்துக் கூட்டி வாசித்தார். முதல் பத்தியில் தலை ஒருமுறை ஆடியது. பிறகு ஆடவில்லை. செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் எழுதியிருக்க. அடியில இப்படிக்குப் போடலையேடா?"

அவர் அந்த வெற்றிடத்தைப் பார்த்து உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். "இப்... படி..." அதோடு நின்றது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

என் பையிலிருந்த பேனாவை அவரே எடுத்தார். மண்வெட்டி பிடித்த கை. எழுத்து ஒவ்வொன்றும் வரப்பு மாதிரி வந்தது. 'இப்படிக்கு' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

"முக்கால்வாசி நான் சொன்னதுதான. நானே போடுறேன்" என்றார். பிறகு கதவுப் பக்கம் பார்த்து, "சீட்டு இல்லாட்டி ஏறக் கூடாது, ஆமா" என்றார். செல்வி ஓடியே போய்விட்டாள்.

இன்று காலைதான் முதல் நாள். முன்வாசலில் நான் ஏறியதைப் பார்த்து, "என்னண்ணே, லேடீஸ் சைடுக்கு மாறிட்டீங்க?" என்று பொடியன்கள் கத்தினார்கள். செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உங்கப்பா ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். புதுக்கோட்டைத் திருப்பம் வந்தபோது கம்பியை இறுக்கிப் பிடித்தேன். பின்வாசல் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் யாரோடாவது சண்டைக்குக் கிளம்பினால் வாசலைத் தாண்டுவதற்குள் நீ கேட்டுவிடுகிறாய்: "இதுல அவரு எங்க?" பாதி நாள் சண்டையே போட முடிவதில்லை. போ மாப்ள, நல்ல காரியம் செய்துவைத்தாய்.

உங்கப்பா 'இப்படிக்கு' போட்டுத் திருப்பித் தந்த தாள் என் முன்னால் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் கீழே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
முன்வாசலில் ஏறும் உன் மாப்ள.