பதினோரு நொடி சால்வை

சென்ற வாரம் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். பத்திரிகை வேலையிலிருந்து நான் ஓய்வுபெறும் விழா. போர்த்தியவர் ஓர் அமைச்சர். பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததும் கஞ்சியும் ஜரிகையும் கலந்த அந்தப் புதுத்துணி வாசனை வந்தது. உடனே உன் நினைவு. மேடையில் நின்றபடியே எண்ணத் தொடங்கிவிட்டேன். உன் கணக்கு இன்னும் மாறவில்லை. பதினோரு நொடிதான்.

கல்லூரியிலிருந்து நம் இருவரையும் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு இரண்டு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். என் வீடு ராயபுரம், உன் வீடு முகத்துவாரக்குப்பம் என்ற மீனவர் குப்பம். வந்து குவியும் மனுக்களைப் பிரித்து அடுக்குவது நம் வேலை. பெரிய மனிதர்கள் வரும் நாளில், சால்வைத் தட்டை ஏந்திக்கொண்டு எம்.எல்.ஏ. பக்கத்தில் நிற்க வேண்டும். முதல் வாரமே நீ ஒன்றைக் கவனித்துவிட்டாய். எவ்வளவு பெரியவராக இருந்தாலும், சால்வை போர்த்திப் போட்டோ எடுத்து முடியும்வரை இடத்தைவிட்டு நகர மாட்டார்.

"பதினொண்ணு எண்ணுற வரைக்கும் ஆடாம அசையாம நிக்கிறாரு மே. அதுக்குள்ள சொல்லிடணும்" என்றாய்.

சொல்ல வேண்டியது உன் வீட்டு விஷயம். உன் தங்கை பத்தாவது முடித்திருந்தாள். மேல்நிலைப் பள்ளி திருவொற்றியூரில். பஸ்ஸோ குப்பத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே, டேங்கர் லாரிகள் நிற்கும் இடத்திலேயே திரும்பிவிடும். அதுவரை லாரிகளுக்கு நடுவே நடக்க வேண்டும். "இந்த ரோட்டுல பொண்ண அனுப்ப மாட்டேன். படிச்ச வரைக்கும் போதும்" என்று உன் அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். குப்பத்தார் கொடுத்த மனுவுக்கு, உள்ளே பஸ் திரும்ப இடமில்லை என்று பதில் வந்திருந்தது.

முதல் வாய்ப்பை நான் கெடுத்தேன். அமைச்சர் ஒருவர் வந்தார். நான்தான் பேசுவேன் என்று அடம்பிடித்து, "மாண்புமிகு" என்று தொடங்கி, அவருடைய துறைகளை ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொல்லி நிமிர்ந்தபோது, சால்வை உதவியாளர் கையில் இருந்தது. அமைச்சர் காரில் இருந்தார்.

மாடிப்படியில் உட்கார்ந்து நீ சிரித்த சிரிப்பு! "அவுரு அமைச்சருன்னு அவுருக்குத் தெரியாதா இன்னா? நீ போய் அவுருகிட்டயே சொல்லிகினு நிக்கிற!" நான் அழுதேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு ஒரு கவுறு எடுத்துனு வரேன்" என்றாய்.

உன் அப்பாவின் படகுக் கயிறு அது. நின்றிருந்த பஸ் ஒன்றின் முன்னால் நானும் பின்னால் நீயுமாகப் பிடித்து அளந்தோம். "இன்னா பொண்ணுங்களா, பஸ்ஸுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸின் நீளத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை, குப்பத்தில் வலை காயப்போடும் மைதானத்தில் அதே கயிற்றை விரித்தோம். எந்தப் பக்கம் அளந்தாலும் மூன்று பஸ் நீளத்துக்குக் குறையவில்லை.

அடுத்து வந்தவர் போக்குவரத்துத் துறையின் உயர் அதிகாரி. எம்.எல்.ஏ. தட்டிலிருந்து சால்வையை எடுத்தார். நீ பட்டம் எதுவும் சொல்லவில்லை.

"சார், காலைல ஏழரைக்கு எங்க குப்பத்துக்குள்ள ஒரு பஸ் வந்தா என் தங்கச்சி ஸ்கூலுக்குப் போவா."

போட்டோவுக்காக அசையாமல் நின்றவர் உதட்டை மட்டும் அசைத்தார். "இப்ப எங்கே திரும்புது?"

"லாரி நிக்கிற எடத்துல. உள்ள எடம் இல்லன்றாங்க. மூணு பஸ் நீளம் கீது சார். அளந்துட்டோம்."

"எதை வச்சு அளந்தீங்க?"

"படகுக் கவுறு."

அவர் சட்டென்று உன் பக்கம் திரும்பிவிட்டார். போட்டோ கெட்டது. போட்டோகிராபர் இன்னொன்று எடுக்க வேண்டியதாயிற்று. நமக்கு இன்னொரு பதினோரு நொடி கிடைத்தது.

பத்தாம் நாள் பஸ் வந்தது. குப்பமே மைதானத்தின் ஓரத்தில் நின்றது. ஒரே ஒடிப்பில் பஸ் திரும்பியபோது எழுந்த விசில் எனக்கு இன்னும் கேட்கிறது. பெண்ணை அனுப்ப மாட்டேன் என்ற உன் அம்மாதான் முதல் சூடத்தை ஏற்றினார். எம்.எல்.ஏ.விடம் கேட்டு வாங்கிவந்த சால்வையை நீ டிரைவருக்குப் போர்த்தினாய். அவரும் பெரிய மனிதர்களைப் போலவே அசையாமல் நின்றார். அந்த நேரத்தையும் நீ விடவில்லை. "அண்ணே, நாளைக்கும் இதே டைமுக்கு வந்துரு."

அதன்பிறகு பத்திரிகையில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல், பெரிய பதவியில் இருப்பவர்கள் காரில் ஏறுமுன் ஒரு கேள்வி கேட்பதே என் தொழிலாக இருந்தது. பட்டங்களை விட்டுவிட்டேன். எந்த இடம், எத்தனை மணி, யாருக்கு என்று ஒரே வாக்கியம். டிவியில் பார்த்துவிட்டு, "நல்லா கேட்ட மே" என்று நீ போன் செய்வாய். போன ஆண்டு நோய் உன்னைக் கொண்டுபோனது. உன் காரியம் முடிந்த அன்று உன் தங்கை அந்தக் கயிற்றை என்னிடம் கொடுத்தாள். முடிச்சு அவிழாமல் இருந்தது.

இந்த ஆண்டு சாலை வேலைக்காக நிறுத்திய ஏழரை பஸ், வேலை முடிந்தும் குப்பத்துக்குள் வரவில்லை. திரும்ப இடமில்லை என்று அதே பழைய பதில். அதனால் விழா மேடையில் அமைச்சர் சால்வை போர்த்தியபோது நான் நன்றி சொல்லவில்லை. "ஏழரை பஸ் வராததால முகத்துவாரக்குப்பத்துப் பிள்ளைங்க லாரிக்கு நடுவுல நடந்து ஸ்கூலுக்குப் போறாங்க" என்றேன். ஆறு நொடி ஆயிற்று. மீதி ஐந்தில் அவர் கேட்டார்: "எங்கே திரும்புது?"

இன்று காலை உன் தங்கை கூப்பிட்டாள். "அக்கா, மைதானத்த அளக்க ஆபீஸருங்க வந்துகினு கீறாங்க. டேப்பு எடுத்துனு வராங்களாம்."

டேப் அவர்களிடம் இருக்கட்டும். கயிற்றைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒரு முனையை நான் பிடிப்பேன். மறுமுனைக்கு உன் தங்கை இருக்கிறாள்.