இறால் உரித்த கை

மார்ச் 9, ஞாயிறு

மருமகள் ரீனா இன்று முதல் கோயிலில் நற்கருணை கொடுக்கிறாள். கழுத்தில் பதக்கம், முகத்தில் பெருமை. ஆண்டவரின் உடலான அப்பத்தைத் தொடும் இதே கையால்தான் நேற்று இறால் உரித்தாள். அவள் வரிசையில் எல்லாரும் பஸ்ஸில் மீதிச் சில்லறை வாங்குவதுபோலக் கையை நீட்டினார்கள். நான் வரிசை மாறிச் சாமியாரிடம் போய் நாக்கில் நன்மை வாங்கினேன்.

மார்ச் 12

தவக்காலத்தில் சாஜன் கோழி பிரியாணி வாங்கி வருகிறான். "வெள்ளிக்கெழம மட்டும் விட்டாப் போதும்மா, போன்ல பாத்தேன்." பிள்ளை வளர்த்த லட்சணம்!

மார்ச் 15

மாடிப்படியில் வழுக்கிக் கால் முறிந்தது. இரண்டு மாதம் மாவுக்கட்டு.

மார்ச் 23, ஞாயிறு

பூசை இல்லாத இரண்டாவது ஞாயிறு. ரீனா சிமிழில் நற்கருணையோடு வந்து நின்றாள். ஜீன்ஸ்! சாமியார் வரட்டும் என்றேன்.

"ஃபாதருக்கு டைம் இல்ல அத்தே. வீட்ல கெடக்கவங்களுக்கு நாங்கதான் கொண்டு போறோம்."

சாஜனிடம் சத்தமாகவே கேட்டேன்: "எறால் உரிச்ச கையாலயா நான் நன்ம வாங்கணும்?"

அவள் சிமிழோடு திரும்பிப் போனாள்.

ஏப்ரல் 6

இன்றும் வந்தாள். இன்றும் திருப்பினேன்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

ஈஸ்டர் பாஸ்காவுக்கு நற்கருணை வாங்காமல் ஒரு வருஷம்கூட நான் இருந்ததில்லை. கோயிலுக்குப் போன் செய்தேன். "வீட்லயே ஆள வச்சுக்கிட்டு என்னக் கூப்பிடுறீங்களே சேசம்மா" என்று சாமியார் சிரிக்கிறார். சிரிப்பு வேறு!

தூக்கம் வரவில்லை. நான் ரீனாவைத் திருப்பி அனுப்புவதாகத்தானே நினைத்தேன். சிமிழுக்குள் இருந்தது யார்? ஐயோ, மூன்று வாரமாக யாரை வாசலோடு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்?

ஏப்ரல் 20, பாஸ்கா

ரீனாவிடம் நன்மை வாங்குவதற்காக நேற்று இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "ஒன் அவர் போதும் அத்தே" என்கிறாள். சட்டமெல்லாம் இவளுக்கு அத்துப்படி.

சேலை கட்டியிருந்தாள், கொசுவம் கோணல். தமிழ்ச் செபத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்துத் தட்டுத்தடுமாறி வாசித்தாள். ஆமென் சொல்லிக் கண்ணை மூடி நாக்கை நீட்டினேன்.

விரலில் எலுமிச்சை வாசனை. நகக்கண்ணெல்லாம் தேய்த்திருக்கிறாள். நான் அன்று சொன்னது அவள் மனதில் தைத்துத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 26, சனி

எலுமிச்சை தேய்த்துத் தேய்த்து அவள் விரல்நுனி வெடித்திருக்கிறது. சாஜன் மறுபடி இறால் வாங்கி வந்தான். சட்டியைக் கட்டிலுக்குக் கொண்டுவரச் சொன்னேன். காலில்தானே கட்டு.

"நீங்க ஏன் அத்தே?"

"ஒனக்கு ஒழுங்கா உரிக்கத் தெரியல" என்றேன்.