முட்டுக்கு இரண்டு ஆள்

இன்று காலை எங்கள் அலுவலகத்துக்கு வந்த சைட் இன்ஜினீயரின் பூட்ஸில் கரிசல் மண் அப்பியிருந்தது. கோவில்பட்டிப் பக்கம் மழையாம். அவன் நடந்த இடமெல்லாம் தரையில் கறுப்பு. அந்த ஈர வாசம் மூக்கில் ஏறியதும் என் கை தானாக இடது புருவத்துக்குப் போயிற்று. நீ கிழித்த புருவம். ஏழு தையல். இன்னும் அங்கே முடி முளைக்கவில்லை, பாவி.

நம் சிநேகிதமே அடிதடியில் ஆரம்பித்ததுதானே. எட்டாம் வகுப்பில், கபடியில், நீ என் பல்லை உடைத்தாய். நான் உன் காதைக் கடித்தேன். தலைமையாசிரியர் இரண்டு பேரையும் ஒரே பிரம்பால் விளாசினார். வெளியே வந்து ஒரே குழாயில் ரத்தத்தைக் கழுவினோம். பிறகு நான் திருநெல்வேலிக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தேன். நீ மண்வெட்டியைத் தூக்கி, பதினெட்டுப் பேரை வைத்துக் குழி வெட்டும் மேஸ்திரி ஆனாய். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷத்தில் இருவரும் ஒரே காண்டிராக்டரிடம் வந்து சேர்ந்தோம். விளாத்திகுளம் பக்கத்து ஊர்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய் பதிக்கிற வேலை. நீ வெயிலில், நான் மின்விசிறிக்குக் கீழே.

குழாய் போகிற பாதையைத் திரையில் கோடாக வரைவேன். எவ்வளவு ஆழம், என்ன மண் என்று புரோகிராம் கேட்கும். சொன்னால், இத்தனை மீட்டருக்கு இத்தனை ஆள் என்று கூலிக் கணக்கைத் துப்பும். அதன் மண் பட்டியலில் கரிசல் இல்லை. எந்த ஊர்க்காரன் செய்த புரோகிராமோ. கரிசலும் களிதானே என்று 'மிருதுவான களி' என்பதை அமுக்கினேன். கரிசல் காட்டில் பிறந்து வளர்ந்த மடையன் நான்.

அந்தக் கூலிக் கணக்கு அச்சடித்த தாளைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு சித்திரை வெயிலில் நீ உள்ளே வந்தாய்.

"ஏலே, ஒரு ஆளு ஒரு நாளைக்கு இம்புட்டு நீளம் தோண்டணுமா? எவம்லே சொன்னது?"

"புரோகிராம் தப்பா சொல்லாதுலே."

காலரைப் பிடித்து இழுத்துப் போய்ப் பைக்கில் ஏற்றினாய். வேலை நடக்கிற இடத்தில் இறக்கிக் கடப்பாரையைக் கையில் திணித்தாய். "குத்துலே." குத்தினேன். கடப்பாரை எகிறித் திரும்பி வந்தது. தோள்பட்டை வரை அதிர்ந்தது. "இன்னும் குத்து." உள்ளங்கை கிழிந்து, பிடி ரத்தத்தில் வழுக்கியது. மண் சுமக்கிற பெண்கள், "விடுங்க அண்ணாச்சி, பாவம் அவிய" என்றார்கள். உச்சிப்பொழுது வரைக்கும் நீ விடவில்லை. அதற்குள் நான் தோண்டியது முழங்கால் ஆழம்கூட இல்லை. உன்னைக் கொன்றுவிடலாம் போல இருந்தது எனக்கு. ஆனால் சாயங்காலமே போய் 'கடினமான மண்' என்று மாற்றிவிட்டேன்.

அன்றைக்கே நீ இன்னொன்றும் காட்டினாய். கயிற்று நுனியில் கல்லைக் கட்டி, வெயிலில் பிளந்த ஒரு நில வெடிப்புக்குள் விட்டாய். ஆள் உயரத்துக்கு இறங்கியது.

"மழ பெஞ்சா மேல வாய மூடிக்கிடும். உள்ள மூடாதுலே. குழிக்குப் பக்கத்துல இப்படி ஒண்ணு கெடந்தா செவுரே சரிஞ்சு வந்திரும். ஆறடிக்குக் கீழ போனா பலக வச்சு முட்டு குடுக்கணும். முட்டுக்கு ரெண்டு ஆளு போட்டிரு, என்ன?"

அடுத்த பாதைக்குக் கணக்கு எடுத்தபோது போட்டேன். அதற்கென்று திரையில் ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் அடித்தால் இரண்டு ஆள் கூடும். முதலாளி பார்த்தார். "இப்படிப் போட்டா டெண்டர் நமக்கு வராதுடே. அந்த டிக்கை எடு" என்றார். எடுத்தேன். சுண்டு விரல் நகத்தளவு கட்டம் அது. மறுநாள் டீக்கடையில் நீ கேட்டாய், "முட்டுக்கு ஆளு போட்டியா?" என்று. உன் வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டே, "போட்டுட்டேம்லே" என்றேன்.

ஐப்பசி அடைமழையில் அந்தப் பாதையில் குழி ஏழடிக்கு இறங்கியது. நீ பலகையும் ஆளும் கேட்டிருக்கிறாய். சூப்பர்வைசர் என் தாளை உன் மூக்குக்கு நேரே நீட்டி, கணக்கில் அப்படி ஒன்றும் இல்லை என்றிருக்கிறான். கடப்பாரையோடு வந்தாய். முதல் அடியில் மானிட்டர் வெடித்துச் சில்லு சில்லாகத் தெறித்தது. அப்புறம் கடப்பாரையை எறிந்துவிட்டுக் கைக்கு வந்தாய்.

"போட்டுட்டேன்னியேலே! வடையத் தின்னுக்கிட்டே சொன்னியேலே!"

சொல்லுக்கு ஒரு குத்து. உன் மோதிரம் என் புருவத்தைப் பிளந்தது. நானும் சும்மா இல்லை. நெற்றியால் முட்டி உன் மூக்கை உடைத்தேன். அந்த நேரத்தில்கூட எனக்கு வெட்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முதலாளியின் டிரைவரும் இன்னும் இரண்டு பேரும் உன்னைப் படியில் தள்ளி மிதித்தார்கள். எழுந்தாய். ரத்தத்தைத் துப்பினாய்.

"அங்கன ரெண்டு பேரு குழிக்குள்ள நிக்கானுவ. போய் மேல ஏத்திட்டு வாரேன். வந்து உன்ன வச்சுக்கிடுதேன்."

புருவத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் கழித்து நானும் கிளம்பினேன். காப்பாற்ற இல்லை. உன்னை இன்னும் நாலு சாத்து சாத்துவதற்காக. போய்ச் சேரும்போதே கூப்பாடு கேட்டது. ஒருவனை ஏற்றிவிட்டாயாம். அடுத்தவனைக் கீழே நின்று தோளால் தள்ளும்போது சுவர் சரிந்திருக்கிறது. அவன் இடுப்போடு மாட்டிக்கொண்டான், இழுத்துவிட்டார்கள். நீ அடியில்.

"மம்பட்டி போடாதீங்கடே, தலையில பட்ரும்!" என்று யாரோ கத்தினார்கள். கையால்தான் தோண்டினோம். நனைந்த கரிசல் ஒரு பிடியைக்கூடச் சும்மா தராது. என் நகங்கள் இரண்டு பெயர்ந்தன. புருவத்து ரத்தம் மண்ணில் சொட்டிக்கொண்டே இருந்தது. முதலில் தட்டுப்பட்டது உன் கை. மோதிரத்தைத் துடைத்துப் பார்த்துத்தான் உன் கை என்று தெரிந்துகொண்டேன்.

உன்னைக் கொண்டுபோய்க் கோவில்பட்டியில் உன் வீட்டில் கிடத்தியதும் உன் பெண்டாட்டி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "முட்டுக்கு ஆளு இல்லாம கணக்கு போட்டது யாருண்ணே?"

"கம்ப்யூட்டரும்மா" என்றேன்.

நம்பிவிட்டாள். அதோடு விட்டாளா? என் புருவத்தைப் பார்த்து, "அவியளத் தோண்டும்போது பட்டுச்சாண்ணே?" என்று அழுதாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அடிக்கு அடி கொடுத்துப் பழகிய உன்னிடம் நான் பட்டதெல்லாம் ஒன்றுமில்லை. அவள் அன்று தன் முந்தானையால் என் புருவத்தைத் துடைத்தாள் பார், அதைத்தான் இத்தனை வருஷமாகத் தாங்க முடியவில்லை.

இப்போது வேறு புரோகிராம், வேறு ஊர். எந்தப் பாதையை வரைந்தாலும் முதலில் அந்தக் கட்டத்தில்தான் டிக் அடிக்கிறேன். இன்று காலை கரிசல் பூட்ஸ்காரன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "சார், மழை நின்னுட்டு. இந்த முட்டு டிக்கை எடுத்திரலாம்" என்றான். காலரைப் பிடித்துவிட்டேன். நாற்காலி கவிழ்ந்தது. நாலு பேர் வந்து பிரித்தார்கள். அவன் காலரை நீவிக்கொண்டே, "நான் என்ன சார் தப்பா சொல்லிட்டேன்?" என்றான். அவன் சொன்னதை நான் செய்தே இருக்கிறேன்.

நாளை ஞாயிறு. கோவில்பட்டிக்குப் பஸ் ஏறுகிறேன். டிக்கை எடுத்தது நான்தான் என்று உன் பெண்டாட்டியிடம் சொல்லப் போகிறேன். இந்தப் புருவம் எப்படிக் கிழிந்தது என்றும். கையில் கிடைத்ததை எடுத்து அவள் அடிக்கட்டும். வலது புருவம் இன்னும் முழுசாகத்தான் இருக்கிறது.