மரம் தேய்த்த நெஞ்சு

நம் மூத்தவள் ஞானம் தன் பிள்ளையின் கன்னத்தில் வந்திருக்கும் கரப்பான் புண்ணுக்காக வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு முற்றத்து வெயிலில் வைத்திருக்கிறாள். இன்று காலை பெருக்கப் போனபோது பார்த்தேன். எண்ணெய் நாவற்பழச் சாறு மாதிரி ஊதா நிறத்தில் கறுத்திருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். என்னம்மா என்று கேட்டாள். தலை சுற்றுகிறது என்று சொன்னேன்.

அவளிடம் சொல்ல வராததை உங்களுக்கு எழுதுகிறேன். மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றுபோன எழுத்து இது. நீங்கள் மலைத் தோட்டத்தில் இருந்தபோது நான் எழுதிய கடிதங்களில் சுகமா, சுகம் என்பதைத் தவிர எதுவும் இருக்காது. உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. வேறு யாரோ படித்துச் சொல்வார்கள் என்ற கூச்சம் எனக்கு. இப்போது யாரும் படிக்கப்போவதில்லை.

முதலில் அந்தத் தடிப்பு உங்கள் முழங்கையில் ஒரு காசளவு வந்தது. பனையேறியின் உடம்பில் காய்ப்பு இல்லாமல் இருக்குமா என்று நாம் இரண்டுபேரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த பருவத்தில் நெஞ்சுக்கு வந்தது. சிவந்து தடித்து, மேலே மீன் செதிள் போல வெள்ளையாக உதிரும். காலையில் நீங்கள் எழுந்த பாயை உதறினால் மாவு சிந்தியது மாதிரி இருக்கும். மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறும்போது நெஞ்சு எங்கே உரசுமோ, கை எங்கே அணையுமோ, சரியாக அங்கேதான் அது படர்ந்தது. ஏறி இறங்கினால் செதிள் பிய்ந்து ரத்தம் கசியும். பதநீர் புளிக்காதிருக்க அக்கானிக் கலயத்துக்குத் தடவும் சுண்ணாம்பு அதில் பட்டால் உங்கள் முகம் போகும் போக்கை அடுப்படியில் நின்று பார்ப்பேன். கலயத்தை இறக்கி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவீர்கள்.

யார் எதைச் சொன்னாலும் செய்தோம். குப்பைமேனி இலையை உப்போடு அரைத்துப் பூசினேன். எரிச்சல் தாங்காமல் கிணற்றடிக்கு ஓடினீர்கள். புங்க எண்ணெய் ஒரு மழைக்காலம் முழுவதும். அந்த வாடை சோற்றில்கூட இருக்கிறது என்று பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். நாடோடியாக வந்த ஒரு மருந்துக்காரன் சேங்கொட்டை எண்ணெய் தொட்டுவைத்துப் போனான். மறுநாள் நெஞ்சு கொப்புளித்து, கண் இமை வீங்கி மூடிக்கொண்டது. அது வடிந்த பிறகு, கடல் தண்ணீரில் நின்றால் ஆறும் என்று யாரோ சொன்னார்கள். வட்டக்கோட்டைக் கரைக்குப் போனோம். வெடித்த தோலோடு கழுத்தளவு உப்புத் தண்ணீரில் நின்றீர்கள். நான் மணலில் உங்கள் வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அலை வரும்போதெல்லாம் உங்கள் தாடை இறுகுவது தூரத்திலிருந்தே தெரிந்தது. கரையேறி வந்து, "மீனெல்லாம் எப்பிடித்தான் இதுல கெடக்குதோ" என்றீர்கள். நான் சிரித்தேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே அழுதேன்.

அதற்குள் ஊர் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தது. பெருவியாதி என்று, குஷ்டம் என்று. நம் அக்கானியை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் அடுத்த பனைவிளைக்குப் போகத் தொடங்கினார்கள். பிறகு ஒரு நாள் சபை உபதேசியார் நம் வீட்டு வாசல்வரை வந்தார். நல்ல மனிதர்தான். திருவிருந்தில் திராட்சரசத்தை எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிப்பதால் சபையில் சிலர் சங்கடப்படுகிறார்கள், நீங்கள் கடைசியாக வந்தால் நல்லது என்று, உங்கள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு திருவிருந்துக்குக் கடைசியாகப் போனீர்கள். மூன்றாவதற்கு இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் முடித்துத் திரும்பும்வரை நீங்கள் தலை குனிந்து இருந்தீர்கள். எனக்கு முன்னால் நீட்டிய பாத்திரத்தை நான் வாங்கிக்கொண்டேன். அது எனக்குள் எப்படி இறங்கியது என்று உங்களிடம் சொன்னதில்லை.

அருமனை வைத்திய ஆசானிடம் போனது அதற்குப் பிறகுதான். நடையும் மாட்டுவண்டியுமாகப் போய், திருவட்டாற்றில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, மறுநாள் ஆசானின் முற்றத்தில் நின்றோம். ஆசான் தூர நிற்கச் சொல்லவில்லை. கிட்டே வந்து தம் விரலாலேயே செதிளைச் சுரண்டிப் பார்த்தார். இது பெருவியாதி இல்லை, தொட்டால் ஒட்டாது என்றார். நீங்கள் அவரிடம் அதைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னீர்கள். வெட்பாலை எண்ணெய் செய்யும் முறையை அவர் எனக்குத்தான் சொன்னார். இலையைக் கத்தி படாமல் கையால் கிள்ள வேண்டும். எண்ணெயில் ஊறவிட்டு, ஊதா நிறம் ஏறும்வரை வெயிலில் வைக்க வேண்டும். புளியும் கருவாடும் கத்தரிக்காயும் ஆகாது.

அந்த மழைக்காலத்தில் மரம் ஏறும் வேலை இல்லை. தினமும் உங்கள் நெஞ்சிலும் முதுகிலும் கைகளிலும் நான் அந்த எண்ணெயைத் தேய்த்தேன். "ஏட்டி, கை நோவுதா?" என்று கேட்பீர்கள். இல்லை என்பேன். கார்த்திகையில் செதிள் குறைந்தது. தையில் சிவப்பு மங்கி, புதுத்தோல் இளஞ்சிவப்பாக எட்டிப்பார்த்தது. அதைக் காட்டவேண்டும் என்றே மேல்துண்டு இல்லாமல் உபதேசியார் வீட்டுப் பக்கம் நடந்தீர்கள். நம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்ட கடைசிக் காலம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மாசியில் பாளை வந்தது. குத்தகைப் பணம் கட்டிப் பாட்டத்துக்கு எடுத்த மரங்கள், ஏறாமல் முடியாது. எண்ணெய் தேய்த்த உடம்போடு ஏறினால் வழுக்கும். அதனால் இரவு நான் தேய்த்ததை விடியுமுன் சாம்பல் போட்டு உரசிக் கழுவிவிட்டு மரத்துக்குப் போவீர்கள். கொஞ்சமாவது உடம்பில் இருக்கட்டும் என்று நான் கெஞ்சினேன்.

"மரத்துக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணும் வரப்பிடாதுட்டி. எண்ணெயும் வரப்பிடாது."

சாக்குத்துணியை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஏறிப் பார்த்தீர்கள். அது புண்ணோடு ஒட்டிக்கொண்டது. வெந்நீர் விட்டுத்தான் பிரிக்க முடிந்தது. பங்குனி முடிவதற்குள் பழையபடி ஆகிவிட்டது. பழையதைவிட மோசமாகவே. மறுபடி அருமனைக்குப் போனோம். ஆசான் மறுபடி விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எண்ணெய் அதுக்க வேலையச் செய்யும். மரம் அதுக்க வேலையச் செய்யும். நீரு ரெண்டுல ஒண்ண விடணும்."

மரத்தை விட்டால் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்று கேட்டேன். மேலே மலையில் ரப்பர் போடக் காடு வெட்டுகிறார்கள், அங்கே தமக்குத் தெரிந்த கங்காணி இருக்கிறார் என்றார். அதற்குப் பிறகும் சில பருவங்கள் மரத்தோடு மல்லுக்கட்டினீர்கள். ஒவ்வொரு மழைக்காலமும் ஆறும், ஒவ்வொரு மாசியும் பிய்யும். ஒரு வருடம் கை மடக்க முடியாமல் பாளை சீவும்போது அரிவாள் நழுவி விழுந்தது. அன்று மாலை, மரங்களை உங்கள் சித்தப்பா மகனிடம் விட்டுவிடுவதாகச் சொன்னீர்கள்.

மலைக்குப் போகும் நாளில் நான் எண்ணெய்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். "முதுகுக்கு யாரு தேய்ப்பா?" என்றேன். "முதுகு கெடக்கட்டு. மரத்துல பட்டது நெஞ்சுதானே" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்தீர்கள்.

மலையிலிருந்து வருகிறவர்கள் மூலம் சேதி வரும். செதிள் உதிர்கிறது என்று. முழங்கை தெளிந்துவிட்டது என்று. பிறகு காய்ச்சல் என்று ஒரு சேதி. மலைக்காய்ச்சல் எல்லாருக்கும் வருவதுதான், கொயினா மருந்து கொடுக்கிறார்கள் என்று இன்னொரு சேதி. அதன் பிறகு ஒரு மத்தியானம், வண்டியில் வைக்கோல் மேல் படுக்கவைத்து உங்களைக் கொண்டுவந்தார்கள். கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தீர்கள். கண் மஞ்சளாக இருந்தது. பாயில் கிடத்தியதும் நீங்கள் செய்த முதல் காரியம் சட்டையைத் திறந்து காட்டியது.

"பாருட்டி. ஒண்ணும் இல்ல."

ஒன்றும் இல்லைதான். நெஞ்சிலும் கையிலும் ஒரு தடம்கூட இல்லை. கல்யாணத்தன்று இருந்ததைவிடச் சுத்தமாக இருந்தது. அதன் கீழே விலா எண்ணலாம் போலவும், இடது பக்கம் வயிறு கல்போல வீங்கியும் இருந்தது. நான் தொட்டபோது கை சுட்டது. ஆஸ்பத்திரி மருந்தும் கொடுத்தேன், நிலவேம்பும் கொடுத்தேன். காய்ச்சல் விட்டு விட்டு வந்து, கடைசியில் விடாமல் நின்றது. நீங்கள் அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

குளிப்பாட்டுவதற்கு முன் ஒரு ஈரத்துணியால் உங்களைத் துடைக்க என்னை விட்டார்கள். சபையார் எல்லாரும் வந்திருந்தார்கள். உங்களைத் தூக்கியவர்களில் யாருக்கும் கை கூசவில்லை. அவ்வளவு நல்ல தோல். உபதேசியார் என் பக்கத்தில் நின்று, "கர்த்தர் அவருக்குச் சுகம் குடுத்துத்தான் எடுத்திருக்காரு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

உங்களிடம் மட்டும் சொல்லலாம் என்று இதை வைத்திருக்கிறேன். அந்த நெஞ்சைத் துடைத்தபோது அது யாருடையதோ போல இருந்தது. நான் தினமும் எண்ணெய் தேய்த்துப் பழகிய உடம்பு அதுவல்ல. எந்த இடத்தில் மெதுவாகத் தொடவேண்டும், எந்த இடத்தில் தொட்டால் மூச்சைப் பிடிப்பீர்கள் என்று என் கைக்குத் தெரியும். அந்த இடங்களில் எதுவும் அங்கே இல்லை. என் கை வழி தெரியாமல் நின்றது.

இப்போது உங்கள் முகம்கூடச் சில நாட்களில் சரியாக நினைவுக்கு வருவதில்லை. கண்ணை மூடினால் உள்ளங்கைக்கு வருவது அந்தச் சொரசொரப்புதான்.